ஆணிச் செருப்பில் நடக்கும் மாமாவும் ஆணி குத்தியது தெரியாத அம்மாவும்

தம்பி, உங்கள் கேள்வியைப் பார்க்காதவர்களுக்காக அதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாமா வருடா வருடம் தைப்பூசத்துக்கு விரதமிருந்து, கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்தி, ஆணிச் செருப்பு போட்டுக்கொண்டு மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊரில் கோர் தெ கார்ட் மலைக்கோயிலுக்குக் காவடி எடுக்கிறார். வலி பெரிதாகத் தெரிவதில்லை என்கிறார். உங்கள் அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. அண்மையில் ஒரு சின்ன ஆணி அவருடைய சவாத்தை, அதாவது வீட்டுச் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருக்கிறது, சாயங்காலம் தரையில் ரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதே அம்மா ராத்திரியானால் கால் தீயாய் எரிகிறது என்று தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார். மாமாவுக்கு வலிக்காததும் அம்மாவுக்கு வலிக்காததும் ஒன்றுதானா, மரத்துப்போன கால் எப்படி எரியும், வருகிற தைப்பூசத்தில் அம்மா நேர்ந்துகொண்டபடி வெறுங்காலோடு பால்குடம் எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் ஒன்று இல்லை. மாமாவின் பாதத்திலிருந்து செய்தி ஒழுங்காகக் கிளம்புகிறது. முதுகுத்தண்டும் மூளையும் அதை அடக்கி வைக்கின்றன, அவ்வளவுதான். அம்மாவின் பாதத்திலிருந்து செய்தி கிளம்பவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் மொரீஷியஸில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பார்க்கும் நர்ஸாகப் பல வருடம் வேலை செய்கிற எனக்கு இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கிற குடும்பங்களைப் பார்க்கும்போதுதான் பயமாக இருக்கிறது. பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிற தீவு இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், பாதத்தில் வலி என்று எதுவும் கிடையாது. தோலுக்கு அடியில் மெல்லிய நரம்பு நுனிகள் இருக்கின்றன, அவை கண்டுபிடிப்பது அழுத்தம், சூடு, குளிர், அடிபட்ட செல்லிலிருந்து கசியும் ரசாயனம் இவற்றைத்தான். நுனியைப் போர்த்திய சவ்வில் சின்னச் சின்னப் புரதக் கதவுகள் உண்டு. ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு காரணத்துக்குத் திறக்கும். அவற்றில் ஒன்று ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் திறக்கிறது, அதே கதவு மிளகாயில் உள்ள காப்சைசினுக்கும் திறக்கிறது; மிளகாய் சாப்பிட்டால் நாக்கு 'சுடுகிறது' என்று நாம் உணர்வதற்குக் காரணம் இதுதான், மூளைக்கு வருகிற செய்தி இரண்டுக்கும் ஒன்றே. அந்தக் கதவை டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் கண்டுபிடித்தது. அழுத்தத்துக்குத் திறக்கும் பியேசோ என்ற கதவுகளை ஆர்டெம் படபூட்டியன் குழு 2010-இல் கண்டுபிடித்தது. 2021-இல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

அந்த 43 டிகிரியைக் கொஞ்சம் கவனியுங்கள், பின்னால் தேவைப்படும். மனிதத் தோல் எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரத்தில் வெந்துபோகும் என்று 1940-களிலேயே அளந்திருக்கிறார்கள்: 44 டிகிரியில் ஆறு மணி நேரம், 50 டிகிரியில் சில நிமிடம், 60 டிகிரியில் சில விநாடி. காயம் தொடங்குகிற இடத்துக்கு ஒரு டிகிரி முன்னாலேயே நரம்பு எழுந்து நிற்கிறது.

கதவு திறந்ததும் என்ன ஆகிறது? சும்மா இருக்கும் நரம்பின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். கதவு திறந்து அந்த வித்தியாசம் ஓரளவு குறைந்ததும், அடுத்திருக்கும் சோடியம் கதவுகள் பட்டென்று திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது, உடனே பொட்டாசியம் வெளியேறி நிலைமை பழையபடி ஆகிறது. எல்லாம் ஓரிரு மில்லி விநாடிக்குள். இந்தத் துடிப்பு பக்கத்து இடத்தைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, இப்படியே முதுகுத்தண்டு வரை போகிறது. இதன் கணக்கை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பருத்த நரம்பை வைத்து 1952-இல் எழுதினார்கள். துடிப்பின் உயரம் எப்போதும் ஒன்றேதான். மெல்லக் குத்தினாலும் பலமாகக் குத்தினாலும் துடிப்பு பெரிதாவதில்லை, அடுத்தடுத்து எத்தனை வருகின்றன என்பதுதான் மாறும்.

இந்தச் சோடியம் கதவுகளில் வலி நரம்புகளுக்கு மிக முக்கியமான ஒரு வகை இருக்கிறது. அது பிறவியிலேயே வேலை செய்யாத சில குடும்பங்களை வட பாகிஸ்தானில் கண்டுபிடித்து 2006-இல் எழுதினார்கள். ஆராய்ச்சி தொடங்கியதே ஒரு சிறுவனால்தான். தெருவில் வித்தை காட்டுகிறவன், கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், நெருப்புத் துண்டுகள் மேல் நடப்பான், எதுவுமே வலிக்காது. ஆராய்ச்சியாளர்கள் அவனைப் பரிசோதிக்கும் முன்பே, பதினான்கு வயது நிறையுமுன், கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனுடைய உறவுக் குழந்தைகளுக்கு உதட்டிலும் நாக்கிலும் தாங்களே கடித்துக்கொண்ட காயங்கள், கவனிக்காமல் விட்ட எலும்பு முறிவுகள். வலி இல்லாமல் வாழ்ந்தால் நன்றாக இருக்குமே என்று யாராவது சொன்னால் இந்தப் பையனைத்தான் நான் நினைத்துக்கொள்வேன். (இந்தக் கதவு இல்லாதவர்களுக்கு வாசனையும் தெரியாது என்று பிறகு கண்டுபிடித்தார்கள், மூக்கின் நரம்பும் இதையே நம்பியிருக்கிறது.)

அப்புறம் வேகம். கதவில் கால் விரலை இடித்துக்கொண்டால் முதலில் 'சுருக்' என்று ஒன்று, ஒரு விநாடி கழித்து மெதுவாகப் பரவும் இன்னொரு வலி, கவனித்திருப்பீர்கள். அது இரண்டு வகை நரம்பு. மெல்லிய கொழுப்பு உறை போர்த்தியவை விநாடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் போகும், எந்த இடம், எப்படிப்பட்ட குத்து என்று சொல்லும். உறை இல்லாத மிக மெல்லியவை விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் போகும், எரிச்சல், மந்தமான நீண்ட வலி இவற்றின் வேலை. சாதாரணத் தொடுகையைச் சொல்பவை பருத்தவை, தடித்த உறை போர்த்தவை, இந்த இரண்டையும் முந்திக்கொண்டு போகும். இடித்த விரலை நாம் உடனே பிடித்துத் தேய்க்கிறோமே, அந்தப் பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு, வருகிறேன்.

அம்மாவின் பிரச்சினையைப் புரிந்துகொள்ள இந்த நரம்பு செல்லின் நீளத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பெருவிரல் நுனியில் இருப்பதும் இடுப்புக்குப் பின்னால் முதுகெலும்பின் ஓரத்தில் இருப்பதும் ஒரே செல். உடல்பகுதி அங்கே, இழை இங்கே. செல்லின் உடல் ஒரு மில்லி மீட்டரில் இருபதில் ஒரு பங்கு, இழையோ ஏறத்தாழ ஒரு மீட்டர். காவடிக்காரர் முதுகில் தொங்கவிடும் எலுமிச்சம்பழம் அளவுக்கு அந்தச் செல்லின் உடலைப் பெரிதாக்கினால், அதன் இழை ஏறத்தாழ 800 மீட்டர் நீளும். இழையின் நுனிக்கு வேண்டிய புரதங்கள் பெரும்பாலும் அந்தச் சின்ன உடலில்தான் தயாராகின்றன, அங்கிருந்து ஒரு நாளைக்கு 20 முதல் 40 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்த்தப்படுகின்றன. அதாவது பெருவிரலுக்குச் சாமான் போய்ச் சேரச் சில நாள் ஆகும். மெதுவாகப் போகிற வகைகள் ஒரு நாளைக்குச் சில மில்லி மீட்டர் மட்டுமே போகும், அவை போய்ச் சேரப் பல மாதம்.

சர்க்கரை அதிகமாகவே இருந்துகொண்டிருந்தால் இந்த இழை பல பக்கமிருந்தும் அடிவாங்குகிறது. அதிகப்படியான குளுக்கோஸ் நரம்புக்குள் சார்பிட்டால் என்ற பொருளாக மாறித் தேங்குகிறது, நரம்புக்கு ரத்தம் கொண்டுவரும் மிக மெல்லிய நாளங்கள் தடித்து அடைபடுகின்றன, புரதங்களில் சர்க்கரை ஒட்டிக்கொள்கிறது. எல்லா நரம்புக்கும் இது நடக்கிறது, ஆனால் எது மிக நீளமோ அதுதான் முதலில் தாக்குப்பிடிக்க முடியாமல் நுனியிலிருந்து பட்டுப்போகும். அதனால்தான் விரல் நுனிகளில் தொடங்கி, பாதம், கணுக்கால் என்று ஒரு காலுறை போட்ட மாதிரி ஏறுகிறது, இரண்டு காலிலும் ஒரே அளவில். ஏறக்குறைய முழங்காலை எட்டும்போது கை விரல்களிலும் தொடங்கிவிடும், அங்கே போகும் நரம்புகளின் நீளமும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரு காலில் மட்டும் திடீரென்று மரத்துப்போனால் அது வேறு காரணமாக இருக்கலாம், மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.

சரி, மரத்துப்போன கால் எப்படி எரிகிறது? நுனி பட்டுப்போன இழையின் மீதி இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த வெட்டுப்பட்ட இடத்தில் சோடியம் கதவுகள் கண்டபடி கூடி, யாரும் தொடாமலேயே துடிப்புகளை அனுப்புகின்றன. மூளைக்கு இழை எங்கே முடிகிறது என்று தெரியாது, எப்போதும் இந்த வழியாக வருவது பெருவிரல் செய்தி, ஆகவே பெருவிரல் எரிகிறது என்றே எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வருகிற ஆணிக்கு நுனி இல்லை, உள்ளேயிருந்து கிளம்புகிற பொய்ச் செய்திக்கு வழி இருக்கிறது. அம்மா சொல்வது அவ்வளவும் உண்மை. ஆணி தெரியாதவருக்கு எரிச்சல் மட்டும் எப்படி என்று வீட்டில் யாரும் அவரைச் சந்தேகப்பட வேண்டாம், நான் பார்த்த பல அம்மாக்கள் இந்த ஒரு பேச்சால் வாயை மூடிக்கொண்டு வருடக்கணக்கில் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறார்கள். அதற்கு மருந்து இருக்கிறது: பிரீகாபலின், காபாபென்டின், டுலாக்ஸெட்டின், அமிட்ரிப்டிலின் போன்றவை. இவை வழக்கமான வலி மாத்திரைகள் அல்ல, நரம்பின் பொய்ச் செய்தியை அடக்குபவை, மருத்துவர் அம்மாவின் வயதையும் சிறுநீரகத்தையும் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ராத்திரியில் அதிகமாவதற்கும் காரணம் உண்டு, அது மாமாவின் கதைக்கும் வழி. முதுகுத்தண்டில், வலி இழையும் தொடுகை இழையும் அருகருகே வந்து சேரும் இடத்தில், தொடுகையின் செய்தி அதிகமாக வந்தால் வலியின் செய்தி மேலே போகாமல் அடக்கப்படுகிறது. ரொனால்ட் மெல்ஸாக்கும் பாட்ரிக் வாலும் 1965-இல் சொன்னது இது. பிற்பாடு விவரங்களைப் பலர் திருத்தினார்கள், ஆனால் வலிக்கு முதுகுத்தண்டிலேயே ஒரு வாசல் இருக்கிறது, அதைத் திறக்கவும் மூடவும் முடியும் என்ற கருத்து நின்றுவிட்டது. இடித்த விரலைத் தேய்ப்பது இந்த வாசலைத்தான் சாத்துகிறது. பகலெல்லாம் நடக்கிறோம், துணி உரசுகிறது, வேலை இருக்கிறது. படுத்த பிறகு தொடுகையும் இல்லை, கவனத்தைத் திருப்ப வேறெதுவும் இல்லை.

வாசலை மூடுவது கீழேயிருந்து வரும் தொடுகை மட்டுமல்ல, மேலேயிருந்து மூளையும் மூடுகிறது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்ஸியோ கரையில் ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் பெரிய காயம்பட்ட படைவீரர்களிடம் வலி மருந்து வேண்டுமா என்று கேட்டுப் பார்த்தார். ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு நரம்பு செத்துப்போகவில்லை, ஊசி சரியாகப் போடாவிட்டால் சத்தம் போட்டார்கள். போர்முனையிலிருந்து உயிரோடு தப்பி வந்துவிட்டோம் என்பது அவர்களுக்குக் காயத்தின் பொருளையே மாற்றிவிட்டது. 1969-இல் எலிகளுக்கு நடுமூளையில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மின்சாரத்தால் தூண்டி, வேறு மயக்கம் இல்லாமலேயே அறுவை செய்ய முடிந்தது. அந்த இடத்திலிருந்து முதுகுத்தண்டுக்கு ஒரு வழி இறங்கி வந்து வலியின் வாசலை மூடுகிறது. 1975-இல் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் உடம்பே தயாரிக்கும் அபின் போன்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். 1978-இல் பல் பிடுங்கியவர்களுக்குப் பொய் மருந்தைக் கொடுத்தபோது சிலருக்கு வலி குறைந்தது, ஆனால் அபினின் வேலையைத் தடுக்கும் நாலாக்ஸோனைக் கொடுத்ததும் அவர்களுக்கு வலி திரும்பி வந்தது. வலிக்காது என்று மனம் எதிர்பார்த்தாலே உடம்பு உண்மையான மருந்தைச் சுரக்கிறது என்பதற்கு இது கிடைத்த முதல் நல்ல சான்று.

இன்னொரு பரிசோதனையையும் சொல்ல வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. 1997-இல் சிலரை ஹிப்னாஸிஸ் நிலைக்குக் கொண்டுபோய் 47 டிகிரி வெந்நீரில் கையை வைக்கச் சொன்னார்கள். ஒரு தடவை 'இது அவ்வளவு மோசமில்லை' என்றும் இன்னொரு தடவை 'இது தாங்க முடியாதது' என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். சூட்டின் அளவை அவர்கள் ஏறக்குறைய அப்படியே சொன்னார்கள், அதன் கொடுமையைத்தான் மாற்றிச் சொன்னார்கள். மூளையின் படத்திலும் அப்படியே: எங்கே, எவ்வளவு என்று கணக்கிடும் பகுதி மாறவில்லை, கொடுமையைச் சேர்க்கும் நடுப்பகுதி மாறியது. ஆக வலி என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வேலை, ஒன்றை விட்டு ஒன்றைக் குறைக்க முடியும்.

இப்போது மாமாவைப் பாருங்கள். கொடியேற்றத்திலிருந்து விரதம், உடல் முழுக்க எதிர்பார்ப்பு. அலகு குத்தும் பெரியவர் பழக்கப்பட்ட கை, தோலை இழுத்துப் பிடித்துக் கூரான மெல்லிய அலகை ஒரே மூச்சில் செலுத்துகிறார், அதனால் கிழிபடும் திசு குறைவு, இழுத்துப் பிடிக்கும் தொடுகையும் வாசலைச் சாத்துகிறது. சுற்றிலும் மேளம், 'வேல் வேல்' என்ற குரல், பக்கத்தில் குடும்பம். பீச்சரின் வீரர்களுக்கு இருந்தது போலவே இந்தக் குத்துக்கும் ஒரு பொருள் இருக்கிறது, இது நேர்ச்சை, இது நல்லது. மூளைக்கு மேலேயிருந்து வாசலை மூட இதைவிட நல்ல சூழ்நிலை அமைவது கஷ்டம். முருகன் அருள் என்று மாமா சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன், நானும் அந்த மலை ஏறுகிறவள்தான்; அருள் வேலை செய்வதும் இந்த உடம்பு வழியாகத்தானே.

நம் தைப்பூசக் காவடியை வைத்தே ஆராய்ச்சி நடந்திருக்கிறது, பலருக்குத் தெரியாது. டிமிட்ரிஸ் ஸிகலாடஸ் என்ற மானிடவியலாளரின் குழு காத்ர் போர்னில் காவடி எடுத்தவர்களின் உடல்நிலையைக் கருவி கட்டி அளந்து, எடுக்காதவர்களோடு ஒப்பிட்டு 2019-இல் எழுதியது. காவடி நாளில் அவர்களின் உடல் மிகக் கடுமையான அழுத்தத்தில் இருந்தது, தோலின் மின்கடத்தும் அளவு அதைக் காட்டியது. சில நாளில் உடல் பழையபடி ஆகிவிட்டது, நீடித்த கெடுதல் எதுவும் தெரியவில்லை, தங்கள் வாழ்க்கையைப் பற்றிய அவர்களின் திருப்தியோ கூடியிருந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அழுத்தம்தான். முகம் சாந்தமாக இருந்தாலும் நரம்புகள் அத்தனையும் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தன.

ஆணிச் செருப்பிலும் அதே கதைதான். ஆணிகள் நெருக்கமாக இருப்பதால் எடை பங்கிடப்படுகிறது, ஒரே ஒரு ஆணி மேல் நின்றால் உள்ளே போய்விடும். ஆனால் மாமா எப்படி நடக்கிறார் என்று அடுத்த முறை கவனியுங்கள். பாதத்தை உரசாமல் நேராக வைக்கிறார், ஓர் இடத்தில் அழுத்தம் கூடினால் அவருக்கே தெரியாமல் எடையை மாற்றுகிறார், தடுமாறினால் முதுகுத்தண்டே காலை இழுத்துக்கொள்கிறது. பாதத்தின் அழுத்த உணர்வு, தசையும் மூட்டும் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் உணர்வு, எல்லாம் முழுதாக இருப்பதால்தான் அவரால் அதில் நடக்க முடிகிறது. மறுநாள் பாதம் வலிக்கும், ஓய்வெடுப்பார், மஞ்சளோ மருந்தோ போடுவார். அந்த மறுநாள் வலிதான் அவரைக் காப்பாற்றுகிறது.

அம்மாவுக்கு அந்த மறுநாள் கிடையாது. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட் என்ற மருத்துவர் 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தொழுநோயில் சதை தானாக அழுகி விரல்கள் விழுகின்றன என்றே அதுவரை பெரும்பாலோர் நம்பினார்கள். நோய்க்கிருமி நரம்பைக் கொல்கிறது, வலி தெரியாததால் சுட்ட பாத்திரத்தைப் பிடிப்பதும் ஒரே புண்ணின் மேல் மாதக்கணக்கில் நடப்பதுமே விரல்களை அழிக்கின்றன என்று அவர் காட்டினார். பிறகு அமெரிக்காவில் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் அதையே கண்டார். நல்ல உணர்வுள்ள மனிதன் தூரம் நடக்கும்போது, வலி என்று உணருமுன்பே, பாதத்தில் எடை விழும் இடத்தை மாற்றிக்கொண்டே போகிறான். உணர்வில்லாதவன் முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை ஒரே இடத்தில்தான் மிதிக்கிறான். புண் வந்தாலும் நொண்டுவதில்லை. நொண்டாமல் இருப்பதுதான் புண்ணைக் குழியாக்குகிறது. பிராண்டின் குழு செயற்கை வலி ஒன்றைச் செய்ய வருடக்கணக்கில் முயன்றது, அழுத்தம் கூடினால் ஒலிக்கும், பிறகு மின் அதிர்ச்சி தரும். நோயாளிகள் வேண்டிய நேரத்தில் அதை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள். நம்மால் நிறுத்த முடியாதது என்பதே வலியின் பயன் என்று அவர் புரிந்துகொண்டார்.

அம்மாவின் கால் எந்த அளவில் இருக்கிறது என்று வீட்டிலேயே முதல்கட்டமாகப் பார்க்கலாம். கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவருடைய பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை, இரண்டு காலிலும், வரிசையை மாற்றி மாற்றி, ஓரிரு விநாடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொட்டது தெரிந்தால் வலதா இடதா என்று சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்வு குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவ நிலையத்தில் 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையாலும் விநாடிக்கு 128 அதிர்வுள்ள இசைக்கவையாலும் இதையே இன்னும் சரியாகப் பார்ப்பார்கள். ஆணி குத்தியது தெரியாதவர் என்பதால் அம்மா இந்தச் சோதனைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், அந்தக் காயத்தை இன்னும் காட்டவில்லை என்றால் இன்றே காட்டுங்கள், ஏற்பு (டெட்டனஸ்) ஊசி விஷயத்தையும் கேளுங்கள். சவாத்து வழியாக ஏறும் ஆணி கிருமியை ஆழத்தில் விட்டுவிட்டு வரும், மேலே ஆறின மாதிரி இருந்து உள்ளே எலும்பு வரை போகலாம்.

ரத்தப் பரிசோதனை செய்யும்போது பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு இந்த வைட்டமின் குறையும், அதோடு மாமிசம், மீன் சாப்பிடாதவராக இருந்தால் இன்னும் குறையும், அந்தக் குறையும் இதே மாதிரி மரமரப்பையும் எரிச்சலையும் தரும். ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் சரியாகக்கூடிய காரணம் அது. எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் போட்டுவிட்டு இதை விட்டுவிடக் கூடாது. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைப் பற்றி ஒன்று: முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் செய்து 1993-இல் வெளியான பெரிய ஆய்வில், கடுமையான கட்டுப்பாடு நரம்புக் கேட்டை ஏறத்தாழ 60 சதவீதம் குறைத்தது. உங்கள் அம்மாவைப் போன்ற இரண்டாம் வகைக்காரர்களிடம் பலன் அவ்வளவு பெரிதில்லை, ஆனால் மேலும் ஏறாமல் நிறுத்த வேறு நல்ல வழியும் இல்லை.

எரிச்சலுக்காக வெந்நீரில் காலை வைக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஜூலை, ஆகஸ்ட் இங்கே குளிர்காலம், மேட்டு ஊரான கியூர்பிப் பக்கம் குளிருக்கு வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துத் தூங்குகிறார்கள், காலையில் கொப்புளத்தோடு எழுகிறார்கள். நான் முன்னே சொன்ன 43 டிகிரி எச்சரிக்கை இவர்களுக்கு வராது. குளிக்கும் நீரை முழங்கையால் பாருங்கள், பாதத்தால் அல்ல. சவாத்தையும் சப்பாத்தையும் போடுமுன் உள்ளே கைவிட்டுப் பாருங்கள். வியர்வையை நடத்தும் நரம்பும் போய்விடுவதால் பாதம் காய்ந்து வெடிக்கும், எண்ணெயோ கிரீமோ தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். ஒரு பாதம் திடீரென்று வீங்கிச் சூடாகிச் சிவந்து, ஆனால் வலி அவ்வளவு இல்லை என்றால் நடக்க விடாமல் உடனே கொண்டுபோங்கள், எலும்புகள் உள்ளே உடைந்து இடம் மாறிக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, இதயத்துக்கு வருகிற நரம்பும் இதே கேட்டுக்கு ஆளாகும். நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம், காரணமில்லாத மூச்சுத் திணறல், வியர்வை, குமட்டல் வந்தால் வாயு என்று சுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

பால்குடம் எடுக்கலாமா என்ற கேள்விக்கு: எடுக்கட்டும், வெறுங்காலோடு தார்ச்சாலையில் வேண்டாம். நமக்குத் தைப்பூசம் வருவது நல்ல வெயில் காலம், மத்தியானத் தாருக்கு 60 டிகிரி சாதாரணம், மாமா அதில் கால் மாற்றி மாற்றி ஓடுவார், அம்மா நிதானமாக நடப்பார். கோயில் குருக்களிடம் அம்மாவின் உடல்நிலையைச் சொல்லிக் கேளுங்கள். வாசல் வரை மூடின சப்பாத்தும் தடித்த காலுறையும் போட்டு வந்து, உள்ளே காலுறையோடு ஏறலாம், அல்லது விடியற்காலையில், தரை சூடேறுமுன், கோயில் வளாகத்துக்குள் மட்டும் குடத்தைச் சுமக்கலாம். குருக்கள் மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை, ஆனால் அம்மாவே மறுப்பார், நான் பார்த்தவரை பிடிவாதம் எப்போதும் அந்தப் பக்கம்தான். அப்போது நீங்கள் பேசுவதைவிட மாமாவைப் பேசச் சொல்லுங்கள், ஆணிச் செருப்பில் நடக்கிறவர் சொன்னால் கேட்பார். வீடு திரும்பியதும் நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதத்தின் அடியையும் விரல் இடுக்குகளையும் நீங்களே பாருங்கள், அடுத்த சில நாளும் பாருங்கள்; சிவப்போ கொப்புளமோ வெடிப்போ தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.